மேலே தட்டினால் விளக்கு

என் தையல் கடைக்கும் டெஸ்டர் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். ஒற்றைச் செங்கல். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் என் கையிலிருக்கும் நூல் ஊசிக் காதை விட்டு விலகும். முப்பது வருஷமாக அந்த வீட்டில் நடப்பதை நான் காதால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டுக் கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டா தைக்க முடியும்?

சுவரின் மறுபக்கத்தில், அவர்கள் சமையலறை வாசலை ஒட்டி, ஒரு சுவிட்ச் போர்டு உண்டு. பழைய மரப்பெட்டி. அதில் கறுப்புக் குமிழ் வைத்த ஒற்றைச் சுவிட்ச். பொழுது மங்கும்போது டெஸ்டரின் மனைவி, எனக்கு அண்ணி, நடந்து வருவார். கொஞ்சம் இழுத்த நடை. நிற்பார். ‘டக்.’ அவர்கள் ஜன்னல் வெளிச்சம் சந்தில் விழும். அதற்கப்புறம்தான் நான் என் கடை விளக்கைப் போடுவேன். கடிகாரம் பார்த்து விளக்குப் போட்ட நாள் எனக்கு ஞாபகமில்லை.

டெஸ்டர் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. மின்சார வேலை பார்த்தவர். சட்டைப் பையில் எந்நேரமும், கரண்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் டெஸ்டர் ஒன்று குத்தியிருக்கும். கல்யாணப் போட்டோவில்கூட, மாலைக்குள்ளிருந்து அதன் மஞ்சள் பிடி எட்டிப் பார்க்கும். “அன்னைக்கு மட்டும் கழட்டி வச்சா என்னவாம்?” என்று அண்ணி கேட்பார். “பந்தல்ல எவன் எப்படி ஒயர் இழுத்திருக்கானோ, யாருக்குத் தெரியும்? உனக்கு ஷாக் அடிச்சிருந்தா நான் என்ன பண்றது?” என்பார் அவர். முப்பத்திநாலு வருஷம் அந்த ஒரே பதில்தான்.

நான் அவரை அண்ணன் என்பேன். நாலைந்து வயதுதான் மூத்தவர். குள்ளம், பரந்த தோள், வெட்டுக்காயமும் சுண்ணாம்புமாக விரல்கள். பேச்சு கம்மி. காலையில் டீயில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார். முட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டால்தான் தொடுவார். “ஒரு பக்கம் பாத்துட்டு இறக்கிட்டா அது என்ன வேலை?” என்பார். முட்டைக்கும் அவருக்கு வேலை நியாயம்தான்.

அவர் வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு ஒயரை முறுக்கி மேலே கறுப்பு டேப் சுற்றும்போது, கடைசி முனையை அப்படியே ஒட்டிவிட மாட்டார். கால் அங்குலம் உள்ளே மடித்து, ஒட்டாத நுனியாக விடுவார். அதைப் பிடித்து இழுத்தால் மொத்தச் சுற்றும் கழன்று வரும். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

“நாளைக்கு எவனாவது திறப்பான்ல தம்பி. நகத்தால சுரண்டிக்கிட்டு நிக்கணுமா பாவம்?”

“அவன் யாருன்னே உங்களுக்குத் தெரியாதேண்ணே.”

“தெரிஞ்சவனுக்குத்தான் செய்யணுமா?” என்று சொல்லிவிட்டு என் கடை ட்யூப் லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டில் மட்டும் எல்லா சுவிட்சையும் தலைகீழாகப் பொருத்தியிருந்தார். ஊரெல்லாம் குமிழைக் கீழே தட்டினால் விளக்கு எரியும். டெஸ்டர் வீட்டில் மேலே தட்டினால்தான் எரியும். ஒன்றிரண்டு இல்லை, ஒன்பது போர்டு. கல்யாணமான புதிதில் சமையலறை சுவிட்சை அவசரத்தில் தலைகீழாக மாட்டிவிட்டாராம். அதைத் திருப்பப் போக நேரம் வாய்க்கவில்லை. அதற்குள் அண்ணியின் கை அதற்குப் பழகிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு பழக்கம் எதற்கென்று மற்ற அறைகளிலும் அப்படியே மாட்டிவிட்டார். அவர் சொன்ன கதை இது. சொல்லும்போது தலையைச் சொறிந்துகொள்வார்.

கேலி கொஞ்சநஞ்சமில்லை. அண்ணியே முன்வரிசையில் நின்று ஆரம்பிப்பார். “ஊர் வீட்டுக்கெல்லாம் நேரா மாட்டுவாரு. சொந்த வீடுன்னா கையும் ஓடாது காலும் ஓடாது. புத்தி மட்டும் தலைகீழா ஓடும்.” டெஸ்டருடைய கூட்டாளி, ஆறடி உயரம், எங்களுக்கெல்லாம் ‘ஏணி’, அவர் பங்குக்கு, “கல்யாண மயக்கம்டா! பொண்டாட்டியப் பாத்துக்கிட்டே திருகாணி முடுக்கினா இப்படித்தான்” என்பார். டெஸ்டர் டீக் கோப்பைக்குள் சிரித்துக்கொள்வார். ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை.

அந்த வீட்டுக்குள் யார் போனாலும், அவர்கள் கை சுவிட்ச் பக்கம் நகர்ந்தால், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் ஒரே குரலில் “மேல!” என்று கத்துவார்கள். அண்ணி அடுப்படியிலிருந்து, மகள் படிக்கிற மேஜையிலிருந்து, டெஸ்டர் குளியலறையிலிருந்து. சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சில சமயம் வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒரே மகள். அம்மாவைப் போல இடதுகைக்காரி. மற்றவர்கள் பிள்ளையின் கையைத் தட்டி வலது கைக்கு மாற்றுவார்கள். டெஸ்டர் மேஜை விளக்கை மாற்றினார். இடது கையால் எழுதும்போது நிழல் தாளில் விழுகிறதென்று, விளக்கை வலது பக்கம் கொண்டுபோய் வைத்தார். வைத்தும் திருப்தியில்லை. மகளை உட்காரச் சொல்லி, எழுதச் சொல்லி, பக்கத்தில் மண்டி போட்டு நிழலைப் பார்த்துப் பார்த்து மூன்று தடவை நகர்த்தினார். பிறகு அந்தப் பெண் வெளியூர் ஹாஸ்டலில் சேர்ந்தபோது, ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய், வார்டனிடம் கெஞ்சிக் கேட்டு, அவள் மேஜைக்கு வலது பக்கம் ஒரு விளக்கு மாட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினார். போனதையும் அவர் சொல்லவில்லை. மகள் போனில் சொல்லி அண்ணி கத்தியதை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

“சாப்பிடாமகூடத் திரும்பியிருக்கீங்களே, அப்படி என்னங்க தலை போற அவசரம்?”

“நீ தனியா இருப்பியேன்னுதான்.”

கொஞ்ச நேரம் கழித்து முட்டை பொரியும் சத்தம் கேட்டது.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேலை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, டீ கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்விட்டார். நாற்பது வருஷம் கரண்டோடு புழங்கிய மனிதரைக் கரண்டு ஒன்றும் செய்யவில்லை. நெஞ்சுதான். அண்ணி கோப்பையோடு நின்ற கோலம் என் கண்ணைவிட்டுப் போகாது. கோப்பையை நான்தான் அவர் கையிலிருந்து வாங்கினேன்.

அன்று சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். அண்ணி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தவர், வாய் திறக்கவில்லை, அழவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் எழுந்து சுவிட்சைத் தடவி, கீழே கீழே என்று தட்டிக்கொண்டு, “கரண்டு இல்லையா?” என்றார். அண்ணி தலையைத் திருப்பாமல், “மேல” என்றார். அன்று முழுக்க அவர் பேசிய ஒரே வார்த்தை அது. நான் வாசலுக்கு வந்து சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் அண்ணி மட்டும்தான். மகள் கல்யாணமாகி வேறு ஊரில். நடை, நிற்றல், ‘டக்’. எல்லாம் முன்போலத்தான். “மேல!” என்று கத்துவதற்குத்தான் ஆளில்லை. அதுதான் வினையாய் முடிந்தது.

மழைக்கு முந்தின புழுக்கம். அண்ணியின் அறை மின்விசிறி நின்றுபோனது. ஏணிக்குக் கண்ணில் ஆபரேஷன், மகன் ஊரில் இருந்தார். அதனால் அண்ணி மின்சாமான் கடையிலிருந்து ஒரு ஆளை வரவழைத்தார். முப்பத்தைந்து வயது இருக்கும்; முகத்தில் பாதிக்கு மீசை. அவர் ஸ்டூலில் ஏறப்போகும்போது அண்ணி, “ரெண்டு நிமிஷம், இந்த உறையத் தைக்கக் குடுத்துட்டு வந்துடறேன்” என்று என் கடைக்கு வந்தார். தலையணை உறை. தையல் விட்டிருந்த இடத்தைக் காட்டினார். நூலை வெட்ட என் கத்தரியை எடுத்தார். வழக்கம்போல இடது கையில் அது வெட்டவில்லை.

“முப்பது வருஷமா இந்தக் கத்தரி என்னை மதிக்க மாட்டேங்குது தம்பி.”

“அது ஆள் பாத்து வெட்டும் அண்ணி. குடுங்க இப்படி.”

நான் வாங்கி வெட்டுவதற்குள், சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் சரிந்தது. ஒரு ஆள் விழும் சத்தம். பிறகு ஒரு அலறல்.

ஓடினோம். மீசைக்காரர் தரையில் கிடந்தார். சுவிட்ச் குமிழ் மேலே இருந்தது. எல்லா வீட்டிலும் அது அணைத்திருப்பதற்கு அடையாளம். விசிறிதான் ஏற்கெனவே நின்றுபோயிற்றே, பார்த்தும் தெரியாது. ஒயரைத் தொட்டதும் ஷாக் உதறித் தள்ளியிருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஒன்றரை மாசம் கட்டு. கையால் பிழைக்கிறவனுக்கு வலது கை.

அண்ணி தினமும் அந்த மீசைக்காரர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனார். அவர் மனைவி, “நீங்க எதுக்கும்மா கஷ்டப்படறீங்க” என்று சொன்னாலும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது என் கடை வாசலில் நின்று, “இன்னைக்கு விரலை அசைக்கிறாரு” என்று அறிக்கை கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்.

மூன்றாம் நாள் மகள் பையோடு வந்து இறங்கினாள். சுவர் சும்மா இருக்குமா?

“எல்லாத்தையும் நேரா மாத்திடணும்மா. இல்லன்னா வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துடு.”

“நான் எங்கயும் வரல. எதையும் மாத்தவும் மாட்டேன்.”

“ஒருத்தர் கை உடைஞ்சிருக்கு!”

“வாசல்ல எழுதி ஒட்டிடறேன்.”

“என்னன்னு எழுதுவ? இந்த வீட்டு எலக்ட்ரீஷியன் தப்பா மாட்டிட்டார்னா?”

பிறகு அண்ணியின் குரல் தணிந்து வந்தது. “இந்த வீட்டுல அவர் கை வச்சது அதுதான் மிச்சம். துணிமணியெல்லாம் குடுத்தாச்சு. சைக்கிளையும் குடுத்தாச்சு. அந்த சுவிட்சத் தொடறப்பல்லாம் அவரு கையத் தொட்டுட்டு வர்ற மாதிரி இருக்கு எனக்கு. அதையும் புடுங்கிக்கிட்டா நான் எதைத் தொடறது?”

மகள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே நேராக என் கடைக்கு வந்து, அளவெடுக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“சித்தப்பா, நீங்களாவது சொல்லுங்க.”

“பஞ்சாயத்து பண்ற அளவுக்கு எனக்குப் புத்தி போதாதும்மா.”

“எனக்கு மட்டும் ஆசையா? ஹாஸ்டல்ல போன புதுசுல தூங்கப் போறப்ப ஃபேன் போடறேன்னு மேல தட்டிட்டுப் படுத்துப்பேன், அது ஓடாது. கூட இருந்ததுங்க எல்லாம் என்னை அடிக்க வந்துச்சுங்க. இப்பகூட என் வீட்டுல இருட்டுல கை மேலதான் போகுது.” மூக்கை உறிஞ்சினாள். “ஆனா நாளைக்கு அம்மாவுக்கே ஒண்ணு ஆச்சுன்னா? யாரோ வந்து தெரியாம எதையாவது தொட்டு...”

நான் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், இரண்டு பக்கமும்தான்.

அந்த வார முடிவில் ஏணி வந்து சேர்ந்தார். கண்ணுக்குப் பெரிய கறுப்புக் கண்ணாடி. ஆறடி உடம்புக்கு அது வேறு. நடந்ததைக் கேட்டதும் அண்ணியின் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே போகவில்லை. மழை பிடித்துக்கொண்டது, சந்தில் தண்ணீர் ஓடியது.

“மெயினை அணைக்காம ஏறினது அந்த ஆளு தப்பு தங்கச்சி. அத நான் எங்கயும் சொல்லுவேன்” என்றார். “ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நானும் அவனும் நாப்பது வருஷம் ஒண்ணா வேலை பாத்தோம். நான் மாட்டுனதுல ரெண்டு பேருக்கு ஷாக் அடிச்சிருக்கு. அவன் மாட்டுனதுல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஒருத்தருக்கும்! ஊருல அவனுக்குன்னு இருந்த பேரே அதுதான். இப்ப முதல் தடவையா, அதுவும் அவன் சொந்த வீட்டுல, ஒரு ஆளு கை உடைஞ்சு கிடக்கான். அவன் இருந்தா இன்னேரம் தூங்கிருப்பானா, சொல்லு?”

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மழையைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“ஞாயித்துக்கிழமை வாங்கண்ணே” என்றார் அண்ணி. “எல்லாத்தையும் திருப்பிடுங்க.”

ஞாயிறன்றும் மழை. மெயினை அணைத்ததும் வீடு மூச்சடக்கிக்கொண்டது. டார்ச் பிடிக்கிற வேலை எனக்கு. ஏணி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, கூடத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு போர்டாகத் திறந்தார். எல்லாவற்றிலும் டெஸ்டரின் வேலை அச்சடித்தது போல இருந்தது. ஒயர்கள் வளைந்த வளைவு ஒன்று. டேப் முனையெல்லாம் அதே கால் அங்குல மடிப்பு. ஏணி ஒவ்வொன்றையும் பார்த்து, “கழுதைப் பய, எப்படி வச்சிருக்கான் பாரு” என்று திட்டிக்கொண்டே மூக்கைத் துடைத்தார். அண்ணி கூடவே அறை அறையாக வந்தார். ஒவ்வொரு சுவிட்சும் திரும்பும்போது ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார்.

எட்டு முடிந்தது. மகள் டீ கொண்டுவந்தாள். கடைசியாக சமையலறை வாசல் மரப்பெட்டி, என் சுவரோடு ஒட்டியது. ஏணி திருகாணியில் முனையை வைத்தவர், எடுத்துவிட்டார்.

“டெய்லரே, டார்ச்சக் கிட்ட காட்டு.”

காட்டினேன். திருகாணித் தலை நாலு பக்கமும் கடிபட்டுத் தேய்ந்திருந்தது.

“இது அவன் முடுக்கினது இல்லியே” என்றார். “அவன் கையில திருகாணித் தலை இப்படிச் சிதையாது. சரியான திருப்புளி இல்லாம எதையோ விட்டு நோண்டிருக்காங்க.”

மெல்லத் திறந்தார். உள்ளே தூசி, ஒரு சிலந்திக் கூடு, இரண்டு ஒயர். ஒன்று நீளம் பத்தாமல் இன்னொரு துண்டோடு சேர்த்து முறுக்கப்பட்டிருந்தது. மேலே கறுப்பு டேப். அதன் முனையில் மடிப்பு.

“டேப்பு அவன்துதான்.” ஏணி குழம்பினார். “தங்கச்சி, உன் கண்ணு என் கண்ண விட நல்லாருக்கும். அந்த நுனியப் பிடிச்சு இழு பாப்போம்.”

அண்ணி வந்தார். இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்த மடித்த நுனியைப் பிடித்து இழுத்தார். முப்பத்திநாலு வருஷத்து டேப், பசை கறுத்துக் குழைந்து, சுற்றுச் சுற்றாகக் கழன்று வந்தது. நகம் படவேயில்லை. உள்ளே செம்புக் கம்பி.

ஏணி குனிந்து பார்த்தார். “அட, இது இடது பக்கமா முறுக்கியிருக்கே! நாங்க யாரும் இப்படி முறுக்க மாட்டோம். எவன்டா இது...”

அண்ணி கையிலிருந்த டேப்பை விடவில்லை. அந்த முறுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

“நான்” என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

“நான்தாண்ணே முறுக்கினேன். பழம் நறுக்கற கத்தியால முடுக்கினேன்.” குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. “கல்யாணமாகி ஒரு வாரம். நீங்க ரெண்டு பேரும் ஏதோ பள்ளிக்கூட வேலைக்குப் போயிட்டிருந்தீங்க. இந்த ஒரு சுவிட்ச மட்டும் மாட்டாம வச்சிருந்தாரு. தினம் அலுத்துப்போய் வருவாரு, நாளைக்கு நாளைக்கும்பாரு. எங்கம்மா வீட்டுல கரண்டே கிடையாது, மண்ணெண்ணெய் விளக்குதான். சுவிட்சுக்கு மேல கீழ உண்டுன்னே எனக்குத் தெரியாது. அவரு மத்த வேலையெல்லாம் செய்யறதப் பாத்திருந்தேன்ல, அவரு வர்றதுக்குள்ள மாட்டி வச்சு அசத்தலாம்னு...”

“கரண்டுல கை வச்சியாம்மா?” என்றாள் மகள்.

“மெயின அணைக்கணும்னு அவரு சொல்லிக் குடுத்திருந்தாரு, முதல் நாளே.” அண்ணி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “வந்தாரு. பாருங்கன்னேன். கீழ தட்டினாரு, எரியல. எனக்கு உசிரே போச்சு. என் மூஞ்சியப் பாத்தாரு. அப்புறம் மேல தட்டினாரு, எரிஞ்சுது. ‘எரியுதே!’ன்னாரு. அவ்வளவு சந்தோஷமா. மறுநாள் காலைல, ‘ராத்திரி கொஞ்சம் இறுக்கி விட்டேன்’னு சொன்னாரு. நான் என்ன நெனச்சேன், கழட்டி அவரே திரும்ப மாட்டியிருக்காருன்னு நெனச்சேன். அப்புறம் நீங்க வந்து, என்னடா தலைகீழா இருக்குன்னு கேட்டப்ப, ‘அவசரத்துல மாட்டிட்டேன்’னாரு. நான் மாட்டினத மாத்தறப்ப அவரும் தலைகீழாவே மாட்டிட்டாருன்னு நம்பிட்டேன்.”

ஏணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். “அவன் கழட்டவே இல்ல தங்கச்சி. மூடியத் திறந்து, உன் முறுக்க இழுத்துப் பாத்திருக்கான். நல்லா கெட்டியா இருக்கு, இப்பவும் வரல பாரு. ஆபத்தில்லன்னு தெரிஞ்சதும் மேல டேப்பச் சுத்திட்டு மூடிட்டான். சுவிட்சத் தொடல. நீ கடிச்சு வச்ச திருகாணியக்கூட மாத்தல.”

“அன்னைக்கு முதல்ல சிரிச்சது நான்தாண்ணே.” அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்தார். “நீங்க கேட்டப்ப நான்தான் முதல்ல சிரிச்சேன். அன்னைலேருந்து முப்பத்திநாலு வருஷம்... வந்தவங்க போனவங்க கிட்டயெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். புத்தி தலைகீழா ஓடும்னு சொன்னேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கோவத்துலயாவது, நீ மாட்டினதுதாண்டின்னு சொல்லிருக்கலாம்ல? எத்தனை சண்டை போட்டிருக்கோம். அப்பகூட வாய் வரலியே அந்த மனுஷனுக்கு!”

அப்போதுதான் அழுதார். டெஸ்டர் இறந்த அன்று அழாத அழுகை. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஏணி ஸ்டூலிலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். நான் டார்ச்சைத் தாழ்த்தினேன். அந்த வெளிச்சத்தில் அண்ணியின் விரலில் கறுப்புப் பசை ஒட்டியிருந்தது. மற்ற எட்டு போர்டும் எதற்காகத் தலைகீழானது என்று அந்த அறையில் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மகள்தான் முதலில் பேசினாள். “அம்மா, இத விட்டுடலாம்மா. இது ஒண்ணு மட்டும் இப்படியே இருக்கட்டும். மத்ததையும் வேணும்னா பழையபடியே மாத்திடலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வேணாம்.”

“அம்மா...”

“நான் மாட்டினத வச்சுத்தான் மத்ததும் தலைகீழாச்சு, ஒருத்தர் கையும் உடைஞ்சுது. அது உங்கப்பா தப்பு இல்ல. பழியத்தான் இத்தனை வருஷம் அவரு சுமந்தாரு. அவரு பேரையாவது அவருகிட்ட குடுத்துடணும்.” எழுந்து நின்றார். “திருப்புளியக் குடுங்கண்ணே. நான் மாட்டினத நானே திருப்பறேன்.”

ஏணி கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல, நான் டார்ச் பிடிக்க, அண்ணி இடது கையால் சுவிட்சைக் கழற்றித் திருப்பி மாட்டினார். முறுக்கைப் பிரிக்க விடவில்லை. புது டேப்பைச் சுற்றினார். கடைசி முனை வந்ததும் நின்று, கால் அங்குலம் உள்ளே மடித்தார். பழைய டேப்பை உருட்டி, கணவருடைய டெஸ்டரை வைத்திருந்த டப்பாவில் போட்டுக்கொண்டார்.

மகள் ஊருக்குப் போனாள். மீசைக்காரரின் கட்டை அவிழ்த்தார்கள். அவரே வந்து, மெயினை அணைத்துவிட்டு ஏறி, விசிறியைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது அண்ணி இரண்டு பக்கமும் திருப்பிப் போட்ட முட்டையும் ரொட்டியும் கொடுத்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

என் சுவரில் மட்டும் சத்தம் மாறிவிட்டது. சாயங்காலம் நடை கேட்கும். நிற்பார். பழக்கத்தில் கை குமிழை மேலே தட்டும். அது ஏற்கெனவே மேலேதானே இருக்கிறது, அதனால் மரப்பெட்டியில் ‘தொப்’ என்று ஒரு மொட்டைச் சத்தம் மட்டும் வரும். பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது. பிறகு ‘டக்’. வெளிச்சம் சந்தில் விழும். மகள் எனக்குப் போன் செய்து, “சித்தப்பா, அம்மாவுக்குப் பழகிடுச்சா?” என்று கேட்பாள். “பழகிட்டாங்க, பழகிட்டாங்க” என்பேன். தினமும் தொப், இடைவெளி, டக். நானும் அந்த இடைவெளியில் மெஷினை நிறுத்திக்கொள்ளப் பழகினேன்.

எட்டு மாசம் இருக்கும். நேற்றைக்கு முந்தைய நாள் ஒரு பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். பொழுது மங்கியது. நடை வந்தது. நின்றது. மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தேன்.

‘டக்.’

வெளிச்சம் விழுந்தது. அவ்வளவுதான். தொப் இல்லை, இடைவெளி இல்லை. கை நேராகக் கீழே போய்விட்டது. ஒரு வழியாகப் பழகிவிட்டார், நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் டெஸ்டர் இரண்டாவது தடவை போனது போல இருந்தது.

நடை சமையலறைக்குள் போனது. பாத்திரம் வைக்கும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. அந்தப் பக்கம் அண்ணி நின்றுகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் இந்தப் பக்கம் அசையாமல் இருந்தேன்.

நடை திரும்பி வந்தது, வழக்கத்தைவிட வேகமாக. ‘டக்.’ சந்தில் வெளிச்சம் அணைந்தது. இருட்டில் கொஞ்ச நேரம். பிறகு மரப்பெட்டியில், மேலே, ‘தொப்’. அதற்கப்புறம் அந்த இடைவெளி, எப்போதையும்விட நீளமாக.

பிறகுதான் விளக்கைப் போட்டார்.